மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவர் தம் வாய் நலனைக் காத்துக்கொள்வது எப்படி

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையையோ, நினைவு மங்கிவிட்ட பெற்றோரையோ, பக்கவாதத்தால் கை கால் செயலிழந்த துணையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம், கடைசியாகப் பல் மருத்துவரிடம் எப்போது சென்றீர்கள் என்று கேட்டால், பலர் தாம் பார்த்துக்கொள்பவரை அழைத்துச் சென்ற நாளையே பதிலாகச் சொல்வார்கள். தமக்கென்று சென்ற நாள் அவர்களுக்கு நினைவில் வருவதில்லை. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, மருந்து கொடுப்பது, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது என்று நாள் முழுவதும் இன்னொருவரின் உடலையே கவனித்துக்கொண்டிருப்பவருக்குத் தம் உடலில் மிக எளிதாக விட்டுப்போவது வாய்தான். ஏனெனில் அது நெடுங்காலம் வலிக்காமலே கெடக்கூடியது.

பல்லின் மேலடுக்கான எனாமலில் நரம்பு கிடையாது. ஆகையால் சொத்தை அதைக் கடந்து உள்ளடுக்கை எட்டும் வரை பெரும்பாலும் எந்த உணர்வும் இருக்காது. ஈறு நோய் இன்னும் மோசமானது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும் வரைகூட அது வலிக்காமல் இருக்கலாம். உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதாவதொரு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. அவர்கள் எல்லாருக்கும் தாமதம் கேடுதான் என்றாலும், பராமரிப்பவருக்கு அதன் விலை கூடுதல். ஒரே அமர்வில் அடைத்து முடித்திருக்கக்கூடிய குழி, நரம்பை எட்டிவிட்டால் பல அமர்வுகள் தேவைப்படும் வேர் சிகிச்சையாக மாறக்கூடும். ஒவ்வோர் அமர்வுக்கும் வீட்டில் மாற்றாள் ஒருவரைத் தேடி நிறுத்த வேண்டியவருக்கு, அந்த மணிநேரங்கள் பணத்தைவிட அரிதானவை.

முதலில் மாற்ற வேண்டியது இரவுப் பழக்கத்தை. படுக்கப் போகும் முன் பல் துலக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. ஆனால் பராமரிப்பவருக்குப் படுக்கப் போகும் நேரம் என்று ஒன்று உறுதியாக இருப்பதில்லை. எல்லா வேலையும் முடிந்த பிறகு என்று தள்ளிப் போட்டால், அந்த வேலைகள் முடியும்போது உடல் நிற்கும் நிலையில் இருக்காது. ஆகவே இரவுத் துலக்கலைப் படுக்கையோடு இணைக்காமல், இரவு உணவோடு இணைத்துக்கொள்ளுங்கள். கடைசி உணவு முடிந்து சுமார் அரை மணி நேரத்தில், இன்னும் கால்கள் தாங்கும் நிலையில் இருக்கும்போதே, துலக்கி முடித்துவிட வேண்டும். அதன் பிறகு விடியும் வரை வாய்க்குள் போவது தண்ணீர் மட்டுமே என்று வைத்துக்கொண்டால், நள்ளிரவுக்கு மேல் படுத்தாலும் பற்களுக்குப் பெரிய நட்டம் இல்லை.

அந்தத் தண்ணீர் விதி எளிதானதாகத் தோன்றினாலும், அதைக் காப்பதுதான் கடினம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, படுக்கைப்புண் வராமலிருக்க ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்து, விரிப்பை மாற்றி, அடுத்த முறை வரை கண் அயராதிருக்கச் சர்க்கரை போட்ட தேநீரையும் இரண்டு பிஸ்கட்டையும் எடுத்துக்கொள்வது பலருக்கு வழக்கம். சர்க்கரை வாய்க்குள் போன சில நிமிடங்களில் பற்களின் மேல் படிந்துள்ள கிருமிகள் அதை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமில-கார அளவு (pH; எண் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் தாதுச்சத்தை இழக்கத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால், நள்ளிரவில் குடித்துவிட்டு அப்படியே படுப்பது பகலில் குடிப்பதைவிடக் கூடுதல் தீங்கானது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை என்பதே பற்களுக்கு முக்கியம். ஒரு கோப்பையை வேலைக்கிடையே மணிக்கணக்காக உறிஞ்சிக்கொண்டிருப்பவரின் வாய், அத்தனை நேரமும் அமிலத்திலேயே ஊறுகிறது. தேநீரைக் கைவிடச் சொல்வது நியாயமல்ல. சர்க்கரையை விட்டுவிடுங்கள், முடியாவிட்டால் உணவோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்து முடித்துவிடுங்கள். இரவுக்கென்று ஒரு தண்ணீர்ப் புட்டியை நோயாளியின் மருந்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டால், கை தானாக அதை நோக்கிப் போகும்.

துலக்கும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. ஃபுளோரைடு 1,000 முதல் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை உள்ள பற்பசையை நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பயன்படுத்த வேண்டும். அளவு பற்பசை உறையில் அச்சிடப்பட்டிருக்கும். முடிந்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லின் மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடும் கழுவிப் போய்விடும். மென்மையான இழைகள் கொண்ட பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். ஈறில் இரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவது பலரின் வழக்கம். செய்ய வேண்டியது நேர்மாறானது. அங்கே படிந்த அழுக்குதான் ஈற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. ஆகவே இன்னும் பொறுமையாக அங்கே சுத்தம் செய்ய வேண்டும். ஓரிரு வாரங்களில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் இரத்தம் குறைவாகவே வரும் என்பதால், அவர்கள் இரத்தம் வரவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். பல் இடுக்குகளை நூல் கொண்டோ சிறு இடைத்தூரிகை கொண்டோ நாள்தோறும் சுத்தம் செய்வதே நல்லது. அதற்கு நேரமே இல்லாதவர் ஒரு நாள் மேல்வரிசை, மறுநாள் கீழ்வரிசை என்று பிரித்துக்கொண்டாலும், ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

காலைத் துலக்கலுக்கு நான் பரிந்துரைப்பது வேறொரு வழி: பராமரிக்கப்படுபவருக்குத் துலக்கும் அதே வேளையில் நீங்களும் துலக்குங்கள். பார்த்துச் செய்யக்கூடியவராக இருந்தால், உங்கள் வாயைப் பார்த்து அவர் கற்றுக்கொள்வார். உங்களுக்கும் தனியே நேரம் தேட வேண்டியிராது. பிரஷ்களும் கோப்பைகளும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் உமிழ்நீர் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லக்கூடியவை என்பதால், ஊட்டும் கரண்டியால் சுவை பார்ப்பதையும் தவிர்ப்பது நல்லது.

அவருக்குத் துலக்கிவிடும்போது உங்கள் முதுகையும் விரல்களையும் காத்துக்கொள்ள வேண்டும். குளியலறையில்தான் துலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வசதியான நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று, அவர் தலையை உங்கள் உடலில் சாய்த்து ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டால், முன்னால் குனிந்து நிற்பதைவிட இடுப்புக்குச் சிரமம் குறைவு. சக்கர நாற்காலியாக இருந்தால் முதலில் அதன் பிரேக்கைப் பூட்டிவிடுங்கள். வாயில் ஏதேனும் பட்டதும் தம்மையறியாமல் கடித்துவிடும் அனிச்சை உள்ளவர்களின் பல்வரிசைகளுக்கு இடையே ஒருபோதும் விரலை நுழைக்காதீர்கள். கன்னத்தின் உட்புறமாக, பற்களுக்கு வெளியே விரலை வைத்து இதழை விலக்கலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குப் பற்பசை மிகச் சிறிதளவே போதும், தலையை அண்ணாந்து வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வாயில் சேரும் கிருமிகள் உமிழ்நீரோடு மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும் என்பதால், அவருக்கு இந்தத் துலக்கல் வெறும் பல் சம்பந்தப்பட்ட விஷயமல்ல. வலிப்புக்காக ஃபெனிட்டோயின் எடுத்துக்கொள்பவரின் ஈறு தடித்து வளர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கட்டுப்பாடற்ற கையசைவோ தலையசைவோ பட்டு, பராமரிப்பவரின் பல்லே விழுந்துவிடுவதும் நடக்கக்கூடியதுதான். அப்படி நேர்ந்தால் பல்லை வேர்ப்பகுதியில் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் சில விநாடிகள் மட்டும் கழுவி, முடிந்தால் அதன் குழியிலேயே திரும்பப் பொருத்தி மெதுவாகக் கடித்துக்கொள்ளுங்கள்; முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். உலரவிட்டால் பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடும்.

மனச்சுமை வாயில் இறங்கும் முக்கியமான வழி, பற்களைக் கடிப்பது. காலையில் எழும்போது தாடை இறுகியிருப்பது, நெற்றிப்பொட்டில் வலி, காரணமில்லாத பல் கூச்சம், பல்லின் முனைகள் தேய்வது ஆகியவை இதன் அறிகுறிகள். தூக்கத்தில் கடிப்பது தெரியாது. பகலில் கடிப்பதைக் கவனிக்கலாம். ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலிக்கு மாற்றும் அந்தச் சில விநாடிகளில் உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று அடுத்த முறை பாருங்கள். பெரும்பாலும் முழு பலத்தோடு இறுகியிருக்கும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட்டால் தாடையும் தளரும். மற்ற நேரங்களில் இதழ்கள் மூடி, மேல் கீழ்ப் பற்கள் தொடாமல், நாக்கு மேல் முன்பற்களுக்குப் பின்னால் இலேசாகத் தங்கியிருப்பதே தாடையின் இயல்பான ஓய்வு நிலை. பற்கள் தேய்ந்துகொண்டே போனால், இரவில் அணியும் பல் கவசத்தை மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார்.

வாய் உலர்வும் அசட்டை செய்யக்கூடாதது. மன அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் மருந்துகள் பலவற்றால் உமிழ்நீர் குறையும். குறைந்தால் சொத்தை விரையும். மருந்தை நிறுத்தாமல், அதைத் தந்த மருத்துவரிடமே சொல்லுங்கள். அடிக்கடி தண்ணீர் பருகுவதும் சர்க்கரையற்ற சூயிங்கம் மெல்லுவதும் உதவும். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் வேண்டாம். நீரிழிவு உள்ள பராமரிப்பவர் ஈற்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அந்த நோய் ஈற்றைக் கெடுப்பதோடு, கெட்ட ஈறும் இரத்தச் சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும்.

நேரமில்லாமல் துலக்காதிருப்பது வேறு. நேரம் இருந்தும், துலக்கி என்ன ஆகப்போகிறது என்று தோன்றுவது வேறு. இரண்டாவது உங்களிடம் தலைகாட்டினால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். மனச்சோர்வும், முன்பு பிடித்தவற்றில் ஆர்வமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், அது மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பராமரிப்பவரின் சுமையை அளக்க, ஸாரிட் வினாநிரல் என்ற 22 கேள்விகள் கொண்ட கருவி உலகெங்கும் மருத்துவர்களிடம் புழக்கத்தில் உள்ளது. அதைப்போல ஒன்றைக் கொண்டு உங்கள் நிலையை மதிப்பிடும்படி நீங்களே கேட்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே யாரிடமாவது சொல்லி உதவி தேடுங்கள்.

பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்யும்போதே, வீட்டில் ஒருவரைப் பராமரிப்பவர் என்பதைச் சொல்லிவிடுங்கள். மாற்றாள் எந்த நேரத்தில் வர முடியும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற நேரத்தைக் கேளுங்கள். பரிசோதனை, எக்ஸ்-கதிர்ப் படம், காரை (பல்லில் படிந்து இறுகிய அழுக்கு) எடுத்தல் மூன்றையும் ஒரே வருகையில் முடிக்க இயலுமா, சிகிச்சை தேவைப்பட்டால் மிகக் குறைந்த அமர்வுகளில் எப்படித் திட்டமிடலாம் என்று வெளிப்படையாகக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பராமரிக்கப்படுபவரை அழைத்துச் செல்லும் நாளிலேயே உங்கள் பற்களையும் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அவருக்கு அன்று சிரமமாகிவிட்டால் உங்கள் முறை கைவிடப்படும் என்பதால், உங்கள் வாயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதை உங்கள் வாயின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். அந்தத் தேதியை வீட்டுக்குப் போன பிறகு அல்ல, மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

பல்வலிக்கு மாத்திரையை ஈறில் வைத்து அடக்குவது அந்த இடத்தைப் பொசுக்கிவிடும். வலி நிவாரணியை அளவறிந்து விழுங்கவே வேண்டும், அதுவும் மருத்துவரைப் பார்க்கும் வரை மட்டுமே. மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையோ, வாயில் தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டையோ காட்டாமல் விடக்கூடாது. புகையிலைப் பழக்கம் உள்ளவர் அதைக் கண்ட அந்த வாரமே காட்ட வேண்டும். முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ சிரமமானால், அது பல்லில் தொடங்கிய தொற்று பரவுவதாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அப்படியொரு இரவில் யாரை அழைத்து வீட்டில் உட்கார வைப்பது என்பதை இன்றே முடிவு செய்து, அவருடைய தொலைபேசி எண்ணையும், பராமரிக்கப்படுபவரின் மருந்து நேரங்களையும், அவரைப் புரட்டும் முறையையும், அவர் எதை விழுங்க முடியாது என்பதையும் ஒரே தாளில் எழுதி, வீட்டுக்குள் நுழைபவர் கண்ணில் உடனே படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.