கோத்தகிரிக்குக் குடிவந்தாச்சு, பழைய சாமான் வாங்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்

டொரண்டோவில் பதினோரு வருடம் இருந்துவிட்டு கோத்தகிரியில் வந்து இறங்கியபோது எங்களிடம் நாலு பெட்டியும் ஒரு வாடகை வீடும்தான் இருந்தன. கட்டில், பீரோ, ரூம் ஹீட்டர், ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாகப் பழையதில் பார்த்துத்தான் சேர்த்தோம். புதிது வாங்க மேட்டுப்பாளையம், கோவை என்று மலை இறங்க வேண்டும், ஏற்றிவரும் வண்டி வாடகை தனி. அதனால் இங்கே குடிவருகிற பலரும் முதல் மாதமே முன்பின் தெரியாதவர்களோடு போனில் பேரம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து திரும்புகிற நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு வில்லங்கம் இருக்கிறது.

கனடாவில் இன்டராக் வழியாக ஒருவர் பணம் அனுப்பினால், ஆட்டோ டெபாசிட் போட்டு வைக்காதவர்கள் லிங்கைத் திறந்து, பேங்க் கணக்குக்குள் போய், அனுப்பியவர் வைத்த கேள்விக்குப் பதில் அடித்தால்தான் பணம் சேரும். வாங்குகிறவரும் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது நமக்குக் கையோடு ஊறிவிட்டது. யுபிஐயில் அப்படிக் கிடையாது. பணம் வாங்க உங்கள் ரகசிய எண்ணான ‘பின்’ (PIN) வேண்டாம், நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், ஓடிபி வேண்டாம். பின் அடித்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது, அவ்வளவுதான்.

இது எனக்குத் தெரிந்தும் கிட்டத்தட்ட மாட்டினேன். வந்த மூன்றாம் மாதம், ஹாலில் பாதியை அடைத்த சாப்பாட்டு மேசையை 9,000 ரூபாய்க்கு விற்க விளம்பரம் போட்டேன். பத்தே நிமிடத்தில் போன். குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு மாற்றலாகி வந்த ராணுவ அதிகாரியாம். பேரமே பேசவில்லை, அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். சீருடையில் போட்டோ, அடையாள அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது, ஸ்டாஃப் காலேஜுக்கு வருடா வருடம் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து போகிறார்கள், சாமான் வாங்கி விற்கிறார்கள். வேறு ஊரில் சந்தேகப்பட வைக்கும் கதை இங்கே அப்படியே பொருந்திவிடுகிறது.

“மிலிட்டரி கணக்கு சார், முதலில் ஒரு ரூபாய் அனுப்பி டெஸ்ட் பண்ணுங்க” என்றார். அனுப்பினேன், இரண்டு ரூபாயாகத் திரும்பி வந்தது. அப்புறம் 9,000 என்று போட்ட ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து பின் போட்டால் மொத்தமும் வந்துவிடுமாம். இரண்டு இலக்கம் அடித்துவிட்டேன். சுண்டல் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “தம்பி, மேசையும் நீங்களே குடுக்கறீங்க, பின்னும் நீங்களே போட்டா எப்படி?” என்றார். போனை வைத்துவிட்டேன்.

யுபிஐயில் தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் க்யூஆர் படத்தை அனுப்பி ஏமாற்றுவதை அது தடுக்காது.

இந்த மலையில் நான் சொல்லும் வழி பழைய வழிதான்: கையில் காசு, வாயில் தோசை. சாமானை நேரில் பார்த்து, ஹீட்டர் என்றால் பிளக்கில் செருகி கம்பி சிவக்கிறதா என்று பார்த்து, அங்கேயே பணம். விற்கும்போது ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம், இரண்டையும் போலியாகச் செய்யலாம். உங்கள் கணக்கைத் திறந்து இருப்புத் தொகையைப் பாருங்கள். யுபிஐயில் பணம் கொடுக்கும்போது திரையில் வரும் பெயர் எதிரே நிற்பவர் பெயர்தானா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். “தம்பி கணக்கு, மச்சான் கணக்கு” என்றால் ரொக்கமே மேல்.

ரொக்கம் வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. எஸ்டேட் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடையாது. பணம் நம் கணக்கில் கழிந்துவிடும், அவருக்குப் போயிருக்காது, திரையில் ‘பெண்டிங்’ என்று நிற்கும். பதற்றத்தில் இரண்டாவது தடவை அனுப்பாதீர்கள். சேராத பணம் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், அதுவரை பொருளை அங்கேயே வைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள்.

வீட்டு அட்வான்ஸ் விஷயத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும். தேயிலைத் தோட்டம் தெரிகிற ஜன்னல், பாதி வாடகை, ஓனர் வெளியூரில், சாவி கூரியரில் வரும் என்றால் அந்த வீடு அவருடையதாக இருக்காது. நீங்கள் இன்னும் வந்து சேரவில்லையென்றால் தெரிந்த ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மே சீசனில் உறவினர்களுக்குக் காட்டேஜ் பிடிக்கும்போதும் இதே கதைதான்.

கார், ஸ்கூட்டர் என்றால் ஆர்சி புத்தகத்தில் உள்ள பெயருக்கே பேங்க் வழியாக அனுப்புங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது.

கனடா போன் எண்ணையே வைத்திருப்பவர்கள், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கில் அதை வைத்தே யுபிஐ தொடங்கலாம். சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் எண்களுக்கும் இது உண்டு, உங்கள் பேங்க் அந்த வசதியைத் தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், பிறகு பேங்குக்கு. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் காலை என்றால் கஷ்டம்.

அந்த மேசையைக் கடைசியில் வாங்கியவர் அரவேணுவில் டீக்கடை வைத்திருக்கிறார். பிக்கப் வண்டியோடு வந்து, மேசையைக் கவிழ்த்து நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் பேரம் பேசி ஆயிரத்தைக் குறைத்து, நோட்டை எண்ணி வைத்தார். இப்போது அதன் மேல் வர்க்கி டப்பாக்கள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் எனக்கு டீ இலவசம்.