கேஸ் ஏர்சாஃப்ட் பிஸ்டலில் குண்டு சிக்கினால்: எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

கேஸ் ஏர்சாஃப்ட் பிஸ்டல் என்பது கேஸ் அழுத்தத்தால் சிறிய பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போது அதன் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) திடீரென்று பாதியில் நிற்கும். அல்லது 'டப்' என்று சத்தம் மட்டும் வரும், குண்டு வராது. புதிதாகப் பழகுபவர்கள் உடனே ஸ்லைடை மறுபடி மறுபடி பலமாக இழுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு இழுப்பும் ஏற்கெனவே அடைத்திருக்கும் இடத்தில் இன்னொரு குண்டைத் திணிக்கும். உள்ளே இருக்கும் ஹாப்-அப் ரப்பரும் (பேரல் தொடக்கத்தில் குண்டைப் பிடித்து, சுடும்போது அதைச் சுழல வைக்கும் ரப்பர்) கிழியலாம்.

குண்டு போகும் பாதை மிகச் சிறியது. மேகசின் (குண்டுகள் நிரப்பும் பெட்டி) ஸ்பிரிங் அதை மேலே தள்ளுகிறது, நாசில் (ஸ்லைடுக்குள் இருக்கும் சிறு குழாய்) முன்னால் தள்ளுகிறது, ஹாப்-அப் ரப்பர் பிடித்து வைக்கிறது. இந்த மூன்றில் எங்கே நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: பாதுகாப்பாகத் திறப்பது

பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, பேரலை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, மேகசினை உருவுங்கள். சாதாரண கேஸ் பிஸ்டலில் கேஸ் மேகசினுக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் குண்டைத் தள்ளும் விசை போய்விடும். ஆனாலும் பேரலுக்குள் ஒரு குண்டு மிச்சம் இருக்கலாம். எனவே பேரல் வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, பக்கவாட்டுத் திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி 2: மேகசினைத் தனியாகச் சோதிப்பது

சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். அதனால் பிஸ்டலைப் பிரிப்பதற்கு முன் இதற்கு நேரம் கொடுங்கள்.

ஐந்து குண்டுகள் மட்டும் போடுங்கள். மேலே இருக்கும் குண்டை ஒரு பல்குச்சியால் கீழே அழுத்திவிட்டு விடுங்கள். சட்டென்று மேலே வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் குண்டுப் பாதையில் தூசியோ மணலோ இருக்கிறது. குண்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கைக் கீழே இழுத்துப் பிடித்து, காய்ந்த பஞ்சுக் குச்சியால் பாதையைத் துடையுங்கள். பிறகு சிலிக்கோன் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவினால் போதும். எண்ணெய் அதிகமானால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும். பெட்ரோலிய எண்ணெய்கள் வேண்டாம். அவை ரப்பர் வளையங்களை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

குண்டுகள் அருகருகே நின்று ஒன்றையொன்று நெருக்கியிருந்தால், மேகசினின் பக்கத்தை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள், சரியாகிவிடும். கொள்ளளவுக்கு ஒன்றிரண்டு குறைவாகவே போடுவது நல்லது.

மேகசினின் மேல்வாயில் குண்டைப் பிடித்துவைக்கும் உதடு போன்ற பிளாஸ்டிக் பாகத்தையும் பாருங்கள். மேகசின் கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது அதுதான். விரிசல் விட்டிருந்தால் அந்தப் பாகத்தை மாற்றிவிடுங்கள். அரம் போட்டுச் சரிசெய்தால் குண்டு இன்னும் தாறுமாறாக வரும்.

படி 3: கேஸ் போதுமா, குளிர்ந்துவிட்டதா?

முதல் சில குண்டுகள் ஒழுங்காகப் போய், அப்புறம் ஸ்லைடு சோம்பலாக நகர்ந்தால், அது கேஸ் விஷயம். திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகும்போது மேகசினின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வேகமாகச் சுடச் சுட மேகசின் சில்லிட்டுப் போய் அழுத்தம் குறைகிறது. ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகவில்லை என்றால், நாசில் அடுத்த குண்டுக்குப் பின்னால் போய் நிற்க முடியாது. அதனால் குண்டை எடுக்காமலேயே முன்னால் வந்துவிடும். அந்த வெறும் 'டப்' சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு சுடுதலுக்கும் இடையே சில நொடிகள் விடுங்கள். மேகசினைக் கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அடுப்பருகே வைப்பது, கொதிநீரில் போடுவது எல்லாம் ஆபத்து. கேஸ் நிரப்பும்போது மேகசினைத் தலைகீழாகப் பிடித்து, கேனை அதற்கு மேலே கவிழ்த்து நேராக அழுத்த வேண்டும். அப்போதுதான் திரவம் உள்ளே இறங்கும். வால்வைச் சுற்றித் திரவம் பீறிட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். ஆவி சேர உள்ளே கொஞ்சம் காலியிடம் தேவை.

படி 4: நாசிலும் ஹாப்-அப்பும்

ஸ்லைடைக் கழற்றி, நாசிலை விரலால் இழுத்து விடுங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் தானாகத் திரும்ப வேண்டும். அதன் கீழ்ப்பக்க விளிம்பு உடைந்திருந்தால் குண்டைத் தள்ள முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பேரல் தொடக்கத்திலேயே குண்டு நின்றிருந்தால், ஸ்லைடை மாட்டிப் பின்னால் பூட்டி, ஹாப்-அப்பை முழுதாகத் தளர்த்துங்கள். பிறகு பிஸ்டலோடு வந்த குச்சியைப் பேரல் வாய் வழியாக மெதுவாக விட்டுத் தள்ளுங்கள். குண்டு பின்பக்கமாக வந்து, மேகசின் செருகும் துளை வழியே கீழே விழும். ஹாப்-அப்பை அதிகமாக இறுக்கினால் குண்டு பேரலிலேயே நின்றுவிடும். ரப்பர் தேய்ந்திருந்தால் குண்டைப் பிடிக்க முடியாமல் இரண்டு குண்டுகள் சேர்ந்து நுழையலாம். அந்த ரப்பரில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் குண்டு வழுக்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் பறக்கும். பட்டுவிட்டால் காய்ந்த துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள்.

படி 5: குண்டே குற்றவாளியா?

'6 மி.மீ.' என்று சொன்னாலும் நல்ல குண்டின் விட்டம் 5.95 மி.மீ. அளவில்தான் இருக்கும். பேரலின் உள்விட்டம் பொதுவாக 6.08 மி.மீ.; இறுக்கமான பேரல்களில் 6.03 அல்லது 6.01 மி.மீ. இவ்வளவு சிறிய இடைவெளியில் ஒரு மணல்துகள் ஒட்டிய குண்டு போனாலே போதும். தரையிலிருந்து பொறுக்கிய குண்டுகளை நானும் ஒருமுறை மேகசினில் போட்டேன். மூன்றாவது குண்டே பேரலில் நின்றது, பேரலின் உட்புறமும் கீறிப்போனது. ஒருமுறை சுட்ட குண்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதிய பொட்டலத்திலும் நடுவில் பிசிறு தெரியும் குண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றைச் சரிசெய்து, ஐந்து குண்டுகள் போட்டு, நிதானமாகச் சுட்டுப் பாருங்கள். மறுபடி சிக்கினால் அடுத்த படிக்குப் போகலாம். வேறொரு மேகசின் கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் பிஸ்டலைப் பிரிக்கவே வேண்டாம்.