இணைய முகவரியில் பேஸ்64 சரம் உடையாமல் போக

பேஸ்64 என்பது எந்தத் தரவையும் எழுத்து, எண், +, / ஆகிய 64 குறிகளால் எழுதும் முறை. அப்படி ஆக்கிய சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே இணைய முகவரியில் ஒட்டாதீர்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் + குறியைப் பல சர்வர்கள் வெற்றிடமாகப் படித்துவிடும். பாதைக்குள் / வந்தால் பாதையே இரண்டாகப் பிரியும். இந்தக் குறிகள் எல்லாச் சரத்திலும் வருவதில்லை என்பதுதான் பெரிய தொல்லை. சோதனையில் நன்றாக ஓடும், வாடிக்கையாளரிடம் போய் உடையும்.

2006-இல் வந்த ஆர்எஃப்சி 4648 என்ற இணையத் தர ஆவணம் இதற்கென்றே ஒரு வடிவம் தருகிறது: + இருக்குமிடத்தில் -, / இருக்குமிடத்தில் _. அதன்படி 7+9/ என்பது 7-9_ ஆகிவிடும். கடைசியில் வரும் = குறிகளை நீக்கிவிடலாம்; திரும்பப் பிரிக்கும்முன் நீளம் நான்கால் வகுபடும்வரை = சேர்த்தால் சரி. பைத்தான், ஜாவா இரண்டிலும் இதற்குத் தயாராகவே வசதி உண்டு.

அப்புறம், பேஸ்64 பூட்டு அல்ல. யாரும் பிரித்துப் படிக்கலாம். கடவுச்சொல்லை இப்படி அனுப்பவே கூடாது.