டார்ச்சில் எல்.ஈ.டி. மாற்றினால் ரிஃப்ளெக்டரையும் கவனியுங்கள்

புது எல்.ஈ.டி. போட்டு மூடியதும் சுவரில் விழும் ஒளியின் நடுவே கருவட்டம் தெரிகிறதா? பெரும்பாலும் எல்.ஈ.டி.யில் கோளாறு இருக்காது. அதைச் சுற்றியுள்ள, கிண்ணம்போல் பளபளக்கும் ரிஃப்ளெக்டரின் குவியத்துக்கு மேலேயோ கீழேயோ அது உட்கார்ந்திருக்கும். அரை மில்லிமீட்டர் பிசகினாலே ஒளி குலைந்துவிடும்.

தூரம்தான் முக்கியம் என்றால் அகலமான, வழவழப்பான ரிஃப்ளெக்டர் வாங்குங்கள். அதே எல்.ஈ.டி., அதே வடிவம், விட்டம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் கேண்டெலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவு) ஏறக்குறைய நான்கு மடங்காகும்; எட்டும் தூரம் இரட்டிக்கும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000-க்கு 400 மீட்டர் என்பது கணக்கு. எக்ஸ்ஹெச்பி70 போல ஒளி தரும் நான்கு சில்லுகள் கொண்ட எல்.ஈ.டி.க்கு ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்புள்ள ரிஃப்ளெக்டரே சரி. தூரம் சற்றுக் குறையும். ஆனால் சில்லுகளின் இடைவெளி சுவரில் சிலுவையாக விழாது. வீட்டுக்கும் நடைக்கும் எங்கள் தேர்வு எப்போதும் இதுதான்.

ரிஃப்ளெக்டரின் அடித்துளையை வெர்னியரால் அளந்து, அதற்குப் பொருந்தும் சென்டரிங் ரிங் (எல்.ஈ.டி.யைத் துளையின் நடுவில் நிறுத்தும் வளையம்) வாங்குங்கள். 3535 வகை எல்.ஈ.டி. 3.5 மி.மீ. சதுரம், 5050 வகை 5 மி.மீ. சதுரம். துளை சிறிதாக இருந்தால் ரிஃப்ளெக்டரின் வாய் மேலே இருக்கும்படி பிடித்து, கீழிருந்து வட்ட அரத்தால் ராவுங்கள். தூள் கீழே கொட்டிவிடும். உள்பக்கத்தில் டேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது அலுமினியப் பூச்சும் கூடவே வந்துவிடும். தூசியை ஊதித்தான் எடுக்க வேண்டும். துணியால் ஒரு தடவை துடைத்தாலும் கீறல் நிரந்தரம்.

உயரத்தைச் சரிபார்க்க, குறைந்த வெளிச்சத்தில் எரியவிட்டு, கண்ணாடியைப் பிடித்திருக்கும் முன்வளையத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். டார்ச்சைத் தரையை நோக்கிக் கவிழ்த்துப் பிடித்தால்தான் ரிஃப்ளெக்டர் கண்ணாடியோடு நகரும். கருவட்டம் மறைந்தால் ரிஃப்ளெக்டர் உயர வேண்டும் என்று பொருள். ரிங்குக்கு அடியில் காகித வளையங்கள் வையுங்கள். சாதாரண பிரிண்டர் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். கருவட்டம் இன்னும் பெரிதானால் ரிஃப்ளெக்டர் தாழ வேண்டும். முதலில் மெல்லிய ரிங் போட்டுப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் கண்ணாடிப் பலகைமேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து ரிஃப்ளெக்டரின் அடியைத் தேயுங்கள், 0.1 மி.மீ.க்கு ஒருமுறை மாட்டிப் பார்த்தபடி. அதிகம் தேய்த்தால், எல்.ஈ.டி. பொருத்திய போர்டை ரிஃப்ளெக்டர் அழுத்தாது. போர்டு தூக்கிக்கொண்டு எல்.ஈ.டி. சூடேறும். கண்ணாடியும் ஆடும், அப்போது தடிமனான ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேவைப்படும்.

ஷார்ட் ஆவதில்தான் உண்மையான ஆபத்து. அலுமினிய ரிஃப்ளெக்டர் டார்ச்சின் உடலோடு, அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்திருக்கும். எல்.ஈ.டி.யின் பாசிட்டிவ் சால்டர் அதில் பட்டால், பல டிரைவர்களில் (எல்.ஈ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) லித்தியம் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். நெகட்டிவ் சால்டர் பட்டால், பல டிரைவர்களில் எந்த மோடுக்குப் போனாலும் முழு வெளிச்சத்திலேயே எரியும். சால்டரைத் தட்டையாக வைத்து, வயரைப் பக்கவாட்டில் இழுத்து, மேலே கேப்டான் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டுங்கள். வயர்களை டிரைவரில் சேர்ப்பதற்கு முன் ரிஃப்ளெக்டரை அழுத்திப் பிடித்து, இரண்டு வயருக்கும் அதற்கும் இடையே மல்டிமீட்டரால் சோதியுங்கள். பீப் சத்தம் கேட்டால் பேட்டரி போடாதீர்கள்.