மாம்பழத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த சொல்

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், சொந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதி வந்தான். முதல் வரியே என்னை நிறுத்திவிட்டது. கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு ‘நொட்டோரியஸ்’ என்று எழுதியிருந்தான். ‘ஃபேமஸ்’ எல்லாரும் எழுதுகிற சொல், கொஞ்சம் கனமாக ஒன்று இருக்கட்டும் என்று கைடில் ஒத்த சொல் பட்டியலைப் புரட்டியிருக்கிறான். அங்கே ஃபேமஸ், ரினௌன்ட், எமினென்ட், நொட்டோரியஸ் நான்கும் ஒரே வரிசையில் நின்றிருக்கின்றன.

கெட்ட பெயரால் ஊரறிந்தவனுக்குத்தான் அந்தச் சொல் என்றேன். “அப்படியென்றால் வீரப்பனுக்குப் போடலாமா சார்?” என்று கேட்டான். 2004 அக்டோபரில் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக்கொல்லப்பட்ட சந்தனக் கடத்தல்காரனுக்குத் தாராளமாகப் போடலாம். அல்போன்சா, பெங்களூரா மாம்பழங்களுக்குக் கூடாது.

பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. ஒத்த சொல்லைக் குறித்தால் ஒரு மதிப்பெண் என்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை பழக்கியிருக்கிறோம். மதிப்பெண்ணுக்குப் பட்டியல் போதும், எழுதுவதற்குப் போதாது. ‘காலமானார்’, ‘செத்தான்’, ‘மண்டையைப் போட்டான்’ மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். மூன்றாவதைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அச்சடிப்பீர்களா?

அடுத்த தவறு, நோட்டின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதுவது. சொல் தனியாக வாழ்வதில்லை. நாம் மாந்தோப்பு என்கிறோம், கேழ்வரகுக் கொல்லை என்கிறோம். ‘மாங்கொல்லை’ என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, மரபு அப்படி. ஆங்கிலத்திலும் இதே கதைதான். மழைக்கு ‘ஹெவி’, டீக்கு ‘ஸ்ட்ராங்’. மாற்றிப் போட்டால் பொருள் புரியும், காது கூசும். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம் அல்லது போடுகிறோம். அவர்களுக்கு அது ‘டேக்’. ‘ஈட்’ போட்ட விடுப்புக் கடிதங்கள் எனக்கு வருடம் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே ‘கன்குளூஷன் – முடிவு’ என்று எழுதி மூடிவிடாமல், ‘ட்ரா எ கன்குளூஷன்’ என்று கூட்டாளியோடு சேர்த்து எழுதுங்கள். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். அவர்களுக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. கடையிலும் தெருவிலும் கேட்ட வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது பெற்றோர் சிலருக்குப் பிடிக்காது. உயர்நிலைச் சொல் என்றால் யாருக்கும் தெரியாத சொல் என்று நினைக்கிறோம். மிக நீளமான சொல்லைக் குறிக்கும் ‘செஸ்குவிபெடேலியன்’ என்பதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையை உறவினர் முன் நிறுத்திப் பெருமைப்படுகிறோம். அதே பிள்ளை இயற்பியல் கேள்வியில் ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்பதற்கு ‘முறையே’ என்று பொருள் தெரியாமல் விடைகளை இடம் மாற்றிக் குறித்துவிட்டு வரும். தமிழ்வழியில் பத்து வரை படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு மாறும் மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த நடுத்தரச் சொற்களில்தான்: சிக்னிஃபிகன்ட், இம்ப்ளை, கான்சிக்வென்ஸ். பேச்சில் அதிகம் வராது, பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

நியூசிலாந்து ஆய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் இவற்றைத்தான் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள்; ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம். அவர் எடுத்துக்கொண்ட கல்வி நூல்களில் ஏறத்தாழ பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் இவற்றைச் சேர்ந்தது. வாரம் பத்துக் குடும்பம் என்றால் 57 வாரம். பதினொன்றில் தொடங்கினால் பன்னிரண்டின் முதல் பருவத்துக்குள் முடிந்துவிடும். பட்டியலைத் திட்டிவிட்டு நீயே பட்டியல் தருகிறாயே என்று கேட்கலாம். நியாயம்தான். இது ஒப்பிப்பதற்கு அல்ல. இந்தச் சொல் என் உயிரியல் புத்தகத்தில் எந்த வரியில், யாரோடு நிற்கிறது என்று தேடிப் பார்ப்பதற்கு.

ஒரு நாளைக்கு ஐம்பது சொல் என்று சபதம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் தன்னைத்தானே சோதித்து 1885இல் எழுதி வைத்தார்: படித்ததில் பெரும்பகுதியை மறதி முதல் நாளிலேயே தின்றுவிடுகிறது. திரும்பப் பார்க்காத ஐம்பதைவிட நான்கு முறை பார்த்த எட்டு மேல். ஒரு ஸ்வீட் பெட்டியை அட்டை வைத்து நான்கு அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். நினைவுக்கு வந்த சொல்லின் சீட்டு அடுத்த அறைக்கு நகரும், மறந்தது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், கடைசி அறையை மாதம் ஒரு முறையும் பாருங்கள். பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன முறையின் சிக்கன வடிவம் இது.

தெரிந்த சொல் என்ற நம்பிக்கையும் காலை வாரும். நாம் ஒருவரை ‘கன்வின்ஸ்’ செய்தோம் என்றால் பல நேரம் சமாதானப்படுத்தினோம் என்றே பொருள். ஆங்கிலத்தில் அவர் மனதார ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். நம்மிடமிருந்து போன கறி அங்கே குழம்பாகிவிட்டது. அங்கே செய்தியாளராக இருந்த கரஸ்பாண்டென்ட் இங்கே வந்து பள்ளி நடத்துகிறார். வீட்டில் புழங்கும் ஆங்கிலச் சொற்களையும் ஒரு முறை அகராதியில் பார்ப்பது நல்லது.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பார்த்து ‘எபிடோம்’ என்று படிக்கிறார்கள், அது ‘எபிடமி’. ‘ஹைப்பர்போல்’ இல்லை, ‘ஹைபர்பலி’. கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் அதுவே சொல்லிவிடும்.

அந்த மாணவன் பத்தியைத் திருத்திக் கொண்டுவந்தான். முதல் வரியில் ‘ரினௌன்ட்’ இருந்தது, கூடவே ‘ஃபார்’ விடாமல் இருந்தது. இரண்டாவது வரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு ‘பிளெதோரா’ மாம்பழம் வருகிறது என்று எழுதியிருந்தான். தேவைக்கு மிஞ்சிக் குவிந்ததைச் சொல்லும் சொல் அது. அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொண்டோம்.