24 அங்குலக் கணினித் திரைக்குச் சாய்வுத் தாங்கி: செய்முறை விளக்கம்

சாய்வுத் தாங்கி செய்ய முற்படும் பலரும், திரை தானாகக் குனியாமலிருக்க கீலின் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைப் பற்றியே முதலில் யோசிக்கிறார்கள். என் மேசைக்காக ஒரு தாங்கியை வடிவமைத்துச் செய்து பயன்படுத்திவரும் எனக்கு, இறுக்கத்தைவிடத் தூரமே முக்கியம் என்பது தெளிவாகிவிட்டது. திரையின் எடை மையம் கீலின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதைப் பொறுத்தே போல்ட்டின் இறுக்கம், அடிப்பலகையின் அகலம், தூணின் உறுதி ஆகிய அனைத்தும் அமைகின்றன. எனவே வரைபடத்தில் அந்தத் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறைத்துவிட்டு, அதன்பிறகே கடைக்குச் செல்லுங்கள்.

இங்கே நான் விவரிப்பது, தாங்கி இல்லாமல் 3.3 கிலோ எடையுள்ள, முதுகில் 100×100 மி.மீ. இடைவெளியில் நான்கு துளைகள் கொண்ட 24 அங்குலத் தட்டைத் திரைக்கானது. அந்தத் துளைகள், திரைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் வெசா அமைப்பின் தரநிலையைச் சேர்ந்தவை. அவற்றில் எம்4 திருகுகள் பொருந்தும். 100 மி.மீ. வகை 14 கிலோ வரையிலான திரைகளுக்கும், 75 மி.மீ. வகை 8 கிலோ வரையிலான திரைகளுக்கும் உரியது. துளையிடுதல், பலகை அறுத்தல் போன்ற அடிப்படை வேலைகளை அறிந்தவர்களுக்காக எழுதுவதால் அவற்றை விளக்கவில்லை.

உயரமும் கோணமும்

நிமிர்ந்து உட்கார்ந்து, மேசைத் தளத்திலிருந்து உங்கள் கண் வரை உள்ள உயரத்தை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து திரையின் பாதி உயரத்தைக் கழித்தால் கீலின் உயரம் கிடைக்கும். 42 செ.மீ. கண் உயரமும் 32 செ.மீ. திரை உயரமும் இருந்தால், கீல் 26 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும். அப்போது திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக நிற்கும்; 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால், திரையின் மையம் கிடைமட்டப் பார்வைக் கோட்டுக்கு 15 டிகிரி கீழே இருக்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான ஓஷாவும் திரையின் மையம் 15 முதல் 20 டிகிரி வரை கீழே இருக்க வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. பார்வைக் கோட்டுக்குத் திரை செங்குத்தாக இருக்க வேண்டுமானால் அதே 15 டிகிரி அளவுக்கு அது பின்னோக்கிச் சாய வேண்டும். வெள்ளெழுத்துக்காக இரட்டைக் குவியக் கண்ணாடி அணிபவர்கள், கீழ்ப்பகுதி வழியாகப் படிப்பதற்காகத் தலையை அண்ணாந்தே வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கீலை இன்னும் ஐந்தாறு செ.மீ. இறக்கி, சாய்வைக் கூட்டுவதே கழுத்துக்கு நல்லது.

பொருள்கள்

40×40×5 மி.மீ. அளவுள்ள எல் வடிவ இரும்பு ஆங்கிள் 120 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள், தூணுக்கும் அடிப்பலகைக்கும் 18 மி.மீ. பிளைவுட், 2 மி.மீ. இரும்புத் தகட்டில் 40×60 மி.மீ. துண்டுகள் இரண்டு, எம்10 அளவில் 100 மி.மீ. நீளமுள்ள போல்ட் ஒன்று, அதற்குரிய, உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட், சாதாரண வாஷர்கள், கிண்ணம் போல் குழிந்த பெல்வில் வாஷர்கள் இரண்டு, 1 மி.மீ. தடிப்புள்ள ஃபைபர் தாள் சிறிதளவு ஆகியவை தேவை. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தரத்தின் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) வகையை வாங்குவதையே நான் வலியுறுத்துவேன். எம்.ஆர். (ஈரப்பதத்தை மட்டும் தாங்கும்) வகை விலை குறைவு என்றாலும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் தூணின் தடிப்பு மாறிக்கொண்டே இருப்பது இந்த வடிவமைப்புக்கு ஒத்துவராது.

கருவிகளில், கையில் பிடிக்கும் டிரில்லிங் மெஷினைவிட, அதை ஸ்டாண்டில் பொருத்திப் பயன்படுத்துவதையே விரும்புகிறேன். இந்த வேலையில் துளை சாய்ந்தால் திரையும் சாய்ந்துவிடும். வெல்டிங் எங்கும் தேவைப்படாதவாறு வடிவமைத்திருக்கிறேன். வெல்டிங் சூட்டில் ஆங்கிள் வளைந்தால் 100 மி.மீ. இடைவெளி தவறிவிடும்.

ஆங்கிள் துண்டுகளில் துளைகள்

ஒவ்வொரு ஆங்கிளின் ஒரு பக்கம் திரையின் முதுகில் படியும். மற்றப் பக்கம் பின்னோக்கி நீளும். பின்னோக்கி நீளும் இரு பக்கங்களுக்கும் நடுவில் தூண் நிற்கும். திரையில் படியும் பக்கத்தில், மேலும் கீழும் 10 மி.மீ. விட்டு, 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போட வேண்டும். எம்4 திருகுக்கு 5 மி.மீ. துளை போட்டால் சிறு பிழைகளை அது ஏற்றுக்கொள்ளும்.

அந்தத் துளைகள் ஆங்கிளின் முதுகிலிருந்து, அதாவது தூணை நோக்கிய வெளிமுகத்திலிருந்து, எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. 18 மி.மீ. பிளைவுட் மூன்று அடுக்கு சேர்ந்தால் 54 மி.மீ.; இருபுறமும் 2 மி.மீ. இரும்புத் தகடும் 1 மி.மீ. ஃபைபர் வாஷரும் சேர்ந்தால் 60 மி.மீ.; நூறிலிருந்து அதைக் கழித்துப் பாதியாக்கினால் 20 மி.மீ. ஆனால் 18 மி.மீ. என்று விற்கப்படும் பலகை பெரும்பாலும் அதைவிடச் சற்று மெலிந்தே இருக்கும். மூன்று அடுக்கில் அந்தக் குறை மூன்று மடங்காகிவிடும். ஆகையால் தூணை ஒட்டிக் காயவைத்து, தகடுகளையும் வாஷர்களையும் சேர்த்து வெர்னியரில் அளந்து, நூறிலிருந்து கழித்துப் பாதியாக்கிய பின்னரே ஆங்கிளில் சென்டர் பஞ்ச் வையுங்கள். வரைபடத்தில் உள்ள எண்ணை நம்பி முன்கூட்டியே துளையிட வேண்டாம்.

பின்னோக்கி நீளும் பக்கத்தில், நீளத்தின் நடுவில், திரையில் படியும் முகத்திலிருந்து 22 மி.மீ. தள்ளி, 10 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். இதுவே கீலின் அச்சு. இரண்டு ஆங்கிள்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து கிளாம்ப் போட்டு, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் துளையிடுங்கள்.

தூண்

மூன்று பிளைவுட் பட்டைகளை 40 மி.மீ. அகலத்தில் வெட்டி, ஃபெவிகால் தடவி, ஓர் இரவு முழுதும் கிளாம்ப் போட்டு வையுங்கள். மேல் முனையை, கீல் துளையை மையமாகக் கொண்டு 20 மி.மீ. ஆரத்தில் வட்டமாக்க வேண்டும். கீலிலிருந்து திரையின் முதுகு 22 மி.மீ. தூரத்தில் இருப்பதால், வட்ட முனை திரையில் உரசாமல் சுழலும்.

தூணைச் செங்குத்தாக நிறுத்தக் கூடாது. அவ்வாறு நிறுத்தினால், திரையை முன்னோக்கிக் குனிய வைக்கும்போது அதன் அடிப்பகுதி ஒரு டிகிரி நகர்வதற்குள் தூணில் முட்டிவிடும். மேல் விளக்கின் பிரதிபலிப்பைத் தவிர்க்க முன்சாய்வு சில நேரங்களில் தேவைப்படும். தூணின் அடியை 10 டிகிரி கோணத்தில் அறுத்து, தலைப்பகுதி முன்னோக்கி வருமாறு நிறுத்தினால், திரைக்கும் ஏறக்குறைய 10 டிகிரி முன்சாய்வு கிடைக்கும். அடியில் பசை தடவி, அடிப்பலகையின் கீழிருந்து மூன்று நீளத் திருகுகளை ஏற்றி, முன்புறம் 8 செ.மீ. உயர முக்கோணத் துண்டு ஒன்றை அண்டக்கொடுங்கள். தூணின் தலையில் இருபுறமும் இரும்புத் தகடுகளை அரால்டைட் வைத்து ஒட்டி, ஃபைபர் வாஷர் படாத கீழ்ப்பகுதியில் தலை அமிழ்ந்த திருகு ஒன்றையும் போட்டுவிடுங்கள். பிறகு தகடுகளோடு சேர்த்துத் தூணில் 10.5 மி.மீ. துளையிடுங்கள்.

கீல்

இனி வருவதை நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செய்து சில மாதங்களில் திரை மெல்லக் குனியத் தொடங்குவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

போல்ட்டின் தலை திரையோடு சேர்ந்த பாகத்திலும், நட் அசையாத தூணிலும் அழுந்துமாறு அமைத்தால், ஒவ்வொரு முறை திரையைச் சாய்க்கும்போதும் தலை ஒருபுறம் திரும்ப, நட் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த அசைவு நட்டைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிடும். நைலாக் நட் அதைத் தாமதப்படுத்தும், ஆனால் முற்றிலும் தடுக்காது. நாம் அமைப்பதில் ஒரே போல்ட் இடது ஆங்கிள், தூண், வலது ஆங்கிள் என மூன்றையும் ஊடுருவிச் செல்கிறது. தலை ஓர் ஆங்கிளிலும் நட் மற்றொன்றிலும் அழுந்துகின்றன. இரண்டு ஆங்கிள்களும் திரையோடு ஒன்றாகவே திரும்புகின்றன. எனவே போல்ட், நட், வாஷர்கள் அனைத்தும் ஒரே உடலாகச் சுழல்கின்றன. உராய்வு, ஆங்கிளுக்கும் தூணின் இரும்புத் தகட்டுக்கும் இடையிலுள்ள ஃபைபர் வாஷரில் மட்டுமே நிகழ்கிறது. தூணின் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாகப் போடச் சொன்னதும், போல்ட் அங்கே பிடிபடாமல் இருப்பதற்காகத்தான்.

உராய்வுக்கு ரப்பர் வாஷர் வேண்டாம். நிற்கும்போது அதிகமாகப் பிடித்து, நகரத் தொடங்கியதும் சட்டென விடுவதால் திரை குதித்துக் குதித்து நகரும். நைலான் வாஷர் மிருதுவாக நகர்ந்தாலும், தொடர்ந்த அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி மெலியும். குழாய்ச் சாமான் கடைகளில் கிடைக்கும் ஃபைபர் வாஷரையோ, ஃபைபர் தாளில் 36 மி.மீ. விட்டத்தில் வெட்டிய வட்டத்தையோ எண்ணெய் படாமல் பயன்படுத்துவதே என் தேர்வு.

இனிக் கணக்கு. திரையின் எடை மையம் அதன் உடல் தடிப்பின் ஏறக்குறைய நடுவில், அதாவது முதுகிலிருந்து 25 மி.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். கீலிலிருந்து அது 47 மி.மீ. தூரம். 3.3 கிலோவை 9.81 ஆலும் 0.047 ஆலும் பெருக்க, 1.5 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஆங்கிள்களின் எடையையும் சேர்த்து 1.6 எனக் கொள்ளலாம். கீல் தாங்க வேண்டிய திருப்புவிசையை இதன் ஒன்றரை மடங்காக, 2.4 நியூட்டன் மீட்டராக வைப்பதே சரியான அளவு. இதைவிட இறுக்குவது பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் திரையின் மேல் விளிம்பைப் பின்னோக்கித் தள்ளும்போது எடையையும் உராய்வையும் சேர்த்து நீங்கள் வெல்ல வேண்டியிருக்கும். இப்போதே அதற்கு 25 நியூட்டன், அதாவது இரண்டரை கிலோவுக்கு நிகரான விசை தேவை. முன்னோக்கி இழுக்க 5 நியூட்டனே போதும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஒரே வழி, அந்த 47 மி.மீ. தூரத்தைக் குறைப்பதுதான்.

உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொண்டால், இரு முகங்களிலும் சேர்த்து 2.4 நியூட்டன் மீட்டர் கிடைக்கப் போல்ட்டின் இழுவிசை 420 நியூட்டன் அளவில் இருந்தால் போதும். ஓர் எம்10 போல்ட்டுக்கு இது மிகச் சிறிய விசை. ஸ்பேனரைச் சிறிதளவு திருப்பினாலே இதைத் தாண்டிவிடும், மரம் ஒரு மயிரிழை சுருங்கினாலும் இது மறைந்துவிடும். பெல்வில் வாஷர்கள் இரண்டை ஒன்றுக்கொன்று எதிர்முகமாக நட்டுக்கு அடியில் வைப்பது இதற்காகவே. அவை அமுங்கி விரியும் தூரத்தினால், மரத்தின் சுருக்கமும் விரிவும் இழுவிசையை அதிகம் மாற்றுவதில்லை. இவற்றை வைக்காமல் செய்ய வேண்டாம்.

திரை இல்லாமல் சோதனை

ஒரு மரச் சட்டத்தை ஆங்கிளின் பின்னோக்கி நீளும் பக்கத்தில், நட்டுக்கு மேலே, முன்னோக்கிக் கிடைமட்டமாக நீளுமாறு கிளாம்ப் போட்டுப் பொருத்துங்கள். நீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை, போல்ட்டின் மையத்திலிருந்து 25 செ.மீ. தூரத்தில் கட்டித் தொங்கவிட்டால், கீலில் 2.4 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அடிப்பலகையைக் கையால் அழுத்திக்கொண்டு, பாட்டில் நிற்கும் வரை நட்டை இறுக்குங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் சட்டம் இறங்க வேண்டும், கையை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். புதிய ஃபைபர் வாஷர் முதலில் சற்றுப் படியும் என்பதால், சட்டத்தைப் பலமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு மறுபடியும் சோதித்த பின்னரே திரையை ஏற்றுங்கள்.

திரையில் பொருத்தும் எம்4 திருகின் நீளத்தையும் ஊகிக்கக் கூடாது. ஈர்க்குச்சியைத் துளையில் விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிளின் 5 மி.மீ., வாஷரின் 1 மி.மீ., உள்ளே செல்ல 6 மி.மீ. எனக் கணக்கிட்டால் 12 மி.மீ. திருகு பெரும்பாலும் பொருந்தும். துளையின் ஆழத்தைவிட நீளமான திருகு உள்ளிருக்கும் மின்சுற்றைக் குத்திவிடக்கூடும்.

கவிழாத அடிப்பலகை

300×300 மி.மீ. பலகையின் நடுவில் தூணை நிறுத்தினால், முன்சாய்வின் காரணமாகக் கீல் 4 செ.மீ. முன்னால் இருக்கும். பிளைவுட் மட்டும் இருந்தால், திரையின் மேல் விளிம்பில் 27 நியூட்டன் அளவு பின்னோக்கித் தள்ளினாலே முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். சாய்ப்பதற்கே 25 தேவைப்படும்போது இந்த இடைவெளி போதாது. அடியில் 250×200×5 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றைத் திருகிவிட்டால் 2 கிலோ கூடி, அந்த எல்லை 34 நியூட்டனாக உயரும். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய தகடே போதும். நான்கு மூலைகளிலும் ரப்பர் பாதங்களை ஒட்டுங்கள். தூணை வெட்டும் முன் பலகை, தகடு, பாதம் ஆகியவற்றின் தடிப்பைக் கீலின் உயரத்திலிருந்து கழிக்க மறவாதீர்கள்.

பிற்சேர்க்கை

வெசா துளைகள் முதுகில் உள்வாங்கியிருக்கும் திரையை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஆங்கிள் படியவில்லை என்று எழுதியிருந்தார். இடையில் குழாய் போன்ற ஸ்பேசர் வைக்கலாம். ஆனால் அதன் நீளம் முழுவதும் 47 மி.மீ. தூரத்தோடு சேர்கிறது. 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் திரையின் திருப்புவிசை 2 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். அப்போது பாட்டிலை ஏறக்குறைய 32 செ.மீ. தூரத்தில் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும், அடித்தகட்டையும் கனமாக்க வேண்டும்.

வளைந்த அகலத் திரைகளுக்கு இதே அளவுகள் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறார்கள். வளைந்த திரையின் இரு முனைகளும் முன்னோக்கி வருவதால் எடை மையமும் முன்னால் தள்ளிப்போகும், எடையும் கூடுதல். உங்கள் திரையின் எடையையும் தூரத்தையும் இட்டு, மேலே உள்ள கணக்கை முதலிலிருந்து போடுங்கள். விடை 4 நியூட்டன் மீட்டருக்கு மேல் வந்தால், இந்த மேசைத் தாங்கியை விட்டுவிட்டு, மேசை விளிம்பில் கிளாம்ப் போடும் வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.