"இது எந்த ஊர், சொல்லுங்க பார்ப்போம்": படத்தை வைத்து இடம் கண்டுபிடிப்பதில் நடக்கும் தவறுகள்

மே மாதம் பிறந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்த விளையாட்டும் தொடங்கிவிடும். ஒருவர் மலையோ கடலோ கோபுரமோ தெரியும் ஒரு படத்தைப் போடுவார். மற்றவர்கள் ஊரைச் சொல்ல வேண்டும். முதல் அரை நிமிடத்தில் வரும் விடைகள் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். காரணம் எளிது: எல்லோருடைய கண்ணும் படத்தின் நடுவில் இருக்கும் அழகான பொருளுக்குப் போகிறது. ஊர் ஒளிந்திருப்பதோ ஓரத்தில், கடைப் பலகையிலும் ஆட்டோவிலும் மைல்கல்லிலும்.

தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், மேலே மூடுபனி. உடனே "ஊட்டி!" என்று பத்துப் பேர் எழுதுவார்கள். குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, மேகமலை, மூணாறு, வயநாடு, இலங்கையின் நுவரெலியா எல்லாமே படத்தில் இப்படித்தான் இருக்கும். தோட்டத்தை வைத்து ஊரைப் பிரிக்க முயல்வதே வீண். அந்தப் படத்தில் உதவக்கூடியவை வேறு. மலைப்பாதை தெரிந்தால் கொண்டை ஊசி வளைவுப் பலகையைத் தேடுங்கள். '9/40' என்பது போல எழுதியிருந்தால் கீழே உள்ள எண்தான் முக்கியம். அந்தப் பாதையில் உள்ள மொத்த வளைவுகளின் எண்ணிக்கை அது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. தென்னை மரங்கள் செழிப்பாகத் தெரிந்தால் ஊட்டியையும் கொடைக்கானலையும் அப்போதே விலக்கிவிடலாம். அந்த உயரத்துக் குளிரில் தென்னை காய்க்காது.

அடுத்த பெரிய குழி, எழுத்து. தமிழ்ப் பலகை தெரிந்ததும் தமிழ்நாடு என்று முடிவுகட்டுகிறார்கள். மூணாறிலும் தேவிகுளத்திலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் தமிழர்கள். கடைவீதி முழுக்கத் தமிழைப் பார்க்கலாம். மறுபுறம், கூடலூரிலும் ஊட்டியிலும் மலையாளப் பலகைகள் சாதாரணம். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஓட்டு வீடுகளையும் ரப்பர் தோட்டங்களையும் பார்த்துக் கேரளம் என்று சொல்லித் தோற்பவர்களுக்குக் குறைவில்லை. சிங்களத்துக்கு அடுத்தோ மேலோ தமிழ் இருந்தால் இலங்கை என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்களம் வெட்டுப்பட்டுத் தமிழ் மட்டும் தெரியும் படத்திலும் 'வெதுப்பகம்' (பேக்கரி) போன்ற சொற்கள் இலங்கையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பலகையில் எழுத்தைவிட எண்களே நம்பத்தக்கவை. தரைவழித் தொலைபேசிக் குறியீடு இன்னும் பழைய பலகைகளில் இருக்கிறது: 0423 என்றால் ஊட்டி அல்லது குன்னூர், 04266 கோத்தகிரி, 04542 கொடைக்கானல், 04281 ஏற்காடு, 04865 மூணாறு. அஞ்சல் குறியீடு தெரிந்தால் இன்னும் நல்லது. 67, 68, 69 என்று தொடங்கினால் கேரளம். 60 முதல் 64 வரை தமிழ்நாடு. ஆனால் 605-இல் புதுச்சேரியும் 609-இல் காரைக்காலும் கலந்திருக்கின்றன. மாஹே கேரளத்து 673-க்குள் இருக்கிறது. கைபேசி எண் மட்டும் இருந்தால் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

வண்டி எண்ணில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். சுற்றுலாத் தலத்தில் நிற்கும் கார்கள் எங்கிருந்து வந்தவை என்பதைத்தான் அவற்றின் எண் சொல்லும். எங்கே நிற்கின்றன என்பதை அல்ல. கொடைக்கானல் ஏரிக்கரையில் எண்ணிப் பார்த்தால் பாதி மாவட்டங்களின் பதிவெண்ணும் கிடைக்கும். உள்ளூரை விட்டு அதிகம் நகராத வண்டிகளைத்தான் பார்க்க வேண்டும்: ஆட்டோ, தோட்டத்து ஜீப், பால் வண்டி, பள்ளி வேன். டிஎன் 43 நீலகிரி, டிஎன் 57 திண்டுக்கல், டிஎன் 74 நாகர்கோவில், கேஎல் 68 தேவிகுளம். எண் மங்கலாக இருந்தால் ஆட்டோவின் நிறமே போதும். தமிழ்நாட்டில் முழு மஞ்சள், கேரளத்தில் கறுப்பு உடலும் மஞ்சளும், பெங்களூரில் பச்சையும் மஞ்சளும், இலங்கையில் சிவப்பு நீலம் பச்சை என்று எல்லாம்.

அரசுப் பேருந்து தனிக் கதை. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் எந்த ஊரில் ஓடினாலும் கேஎல் 15 என்றே பதிவாகும். அதைப் பார்த்துத் 'திருவனந்தபுரம்' என்று எழுதினால், படம் மூணாறில் எடுத்ததாக இருக்கும். பேருந்தின் நெற்றியில் உள்ள ஊரும் அப்படித்தான்: அது போகும் ஊர். மதுரை என்று போட்டிருந்தால் மதுரையைத் தவிர வேறு எங்கும் இருக்கலாம். வழியில் உள்ள ஊர்களின் பெயர் சின்னதாக இருந்தால் அதைப் பெரிதாக்கிப் படியுங்கள். மைல்கல்லும் இதே வகை. அதில் எழுதியிருப்பது வரப்போகும் ஊர். எண் அதற்கான தூரம். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊர், தூரம், சாலை வகை மூன்றும் கிடைத்தால் வரைபடத்தில் விரல் வைத்துவிடலாம்.

கோயில் படங்களில் பழக்கம்தான் எதிரி. உயரமான சோழர் விமானம் என்றாலே தஞ்சாவூர் என்று விடை வரும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதன் விளிம்பு நேர்கோடாக மேலேறும். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் அதைவிட உயரம் குறைவு. விளிம்பு உள்நோக்கி மெல்ல வளைந்து செல்லும். வளைவு தெளிவாகத் தெரியாத கோணமா? நந்தியைப் பாருங்கள். தஞ்சையில் ஒரே கல்லாலான நந்தி மண்டபத்துக்குள் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் சுதை நந்தி மண்டபம் இல்லாமல் வெட்டவெளியில் தரையோடு அமர்ந்திருக்கிறது. முன் மண்டபத்தில் தேர்ச் சக்கரமும் குதிரையும் இருந்தால் தாராசுரம். முருகன் சிலைக் குழப்பம் 2022-க்குப் பின் வந்தது. அதுவரை வானளாவிய முருகன் என்றால் மலேசியாவின் பத்துமலை மட்டும்தான்: 140 அடி, பொன்னிறம், 2006-இல் திறந்தது. சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே 146 அடி முத்துமலை முருகன் வந்தபின், சிலையை மட்டும் பார்த்து நாட்டையே மாற்றிச் சொல்கிறார்கள். பத்துமலையில் சிலையின் பக்கவாட்டில் 272 படிகளும் பின்னால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறையும் உண்டு. படிகள் வானவில் நிறத்தில் இருந்தால் 2018-க்குப் பின் எடுத்த படம்.

இடத்தைப் போலவே காலத்தையும் இப்படிப் பிடிக்கலாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலத்தில் சுற்றுலாப் பயணிகள் நடப்பது தெரிந்தால் படம் 2024 டிசம்பர் இறுதிக்குப் பிந்தியது. பாம்பனில் பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு கைகள் போல் இருபுறமும் மேலே மடங்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ஒரே துண்டு கிடையாக நேரே மேலெழும். பழைய பாலத்தின் மீது ரயில் ஓடும் படம் என்றால் 2022-க்குப் பிறகு இருக்க முடியாது.

வெயிலை வைத்துத் திசை சொல்வதில் ஒரு பாடப்புத்தகத் தவறு உண்டு. 'நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும்' என்ற விதி வட இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சரி. தமிழ்நாடு கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் இங்கே வருடத்துக்கு இருமுறை சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே. நிழல் தெற்கே விழும். கோடை விடுமுறைப் படங்கள் எல்லாம் அந்த இடைவெளியில் எடுத்தவைதான் என்பதால், அந்த விதியைப் பயன்படுத்தினால் திசை அப்படியே தலைகீழாகும். கடல் மேல் செஞ்சூரியன் என்றால் மாலை என்று நினைப்பதும் சரியல்ல. மெரினாவில் அது காலை. கன்னியாகுமரியில் கடலில் மறையும் சூரியன் தெரிந்தால் மே மாதப் படமாக இருக்க வாய்ப்பில்லை, அப்போது அது வடமேற்கே நிலப்பக்கம் சாய்ந்துவிடும். இத்தனையும் கணக்கிடும் முன் படத்தில் உள்ள ஏதாவது எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கக் கேமராவில் எடுத்த செல்ஃபி சில போன்களில் இடவலம் மாறியே சேமிக்கப்படும்.

கோப்பின் விவரங்களை நம்புவதிலும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வழியே வந்த படத்தின் பெயரில் உள்ள எட்டு இலக்கத் தேதி, படம் அனுப்பப்பட்ட நாள். எடுத்த நாள் அல்ல. ஜிபிஎஸ் புள்ளி கேமரா நின்ற இடத்தைக் காட்டும், தெரியும் பொருளின் இடத்தை அல்ல. தனிக் கேமராவில் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் போனால் எல்லா நேரமும் இரண்டரை மணி பின்தங்கியிருக்கும்.

படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறவர்களும் உண்டு. அது ஒத்த தோற்றமுள்ள, இணையத்தில் அதிகம் உலவும் இடத்தைக் காட்டும். அதனால்தான் யாரும் அறியாத அருவிக்கெல்லாம் குற்றாலம் என்று விடை வருகிறது. முழுப் படத்தைக் கொடுக்காமல் பலகையையோ, கட்டட உச்சியையோ, மலையின் விளிம்பையோ மட்டும் வெட்டிக் கொடுங்கள். வந்த விடையைக் கூகுள் மேப்பில் அதே இடத்துப் பயனர் படங்களோடு ஒப்பிட்டு, குறைந்தது இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று அதே நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படம் போடுபவர் தரப்பிலும் சில. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பலகை எழுத்து கலங்கிப்போகும். 'எச்டி' தேர்ந்து அனுப்ப வேண்டும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு அப்படியே இருக்கும், ஆனால் படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலில் உள்ள ஜிபிஎஸ் புள்ளியும் கூடவே சென்றுவிடும். யாராவது படத்தின் விவரத்தைத் திறந்தால் விளையாட்டு முடிந்தது. வீட்டு மொட்டைமாடியில் எடுத்ததையும் அதே வழியில் அனுப்பினால் உங்கள் வீடே புள்ளியாகப் போகும். ஐபோனில் படத்தைத் தேர்ந்து 'ஷேர்' தொட்டு, மேலே 'ஆப்ஷன்ஸ்' சென்று 'லொகேஷன்' அணைக்கலாம். ஆண்ட்ராய்டில் கேமரா அமைப்பில் இருப்பிடக் குறியீட்டை முன்னதாகவே அணைத்துவிடுவது சுலபம். அல்லது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். விடை எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'நீலகிரி' என்றால் போதுமா, 'லவ்டேல் ரயில் நிலையம்' வரை வேண்டுமா என்பதில்தான் பாதிச் சண்டை.

விளையாட்டுக்கு உதவும் அதே ஓரங்கள் வேறு யாருக்கும் உதவும். விமானச் சீட்டின் பார்கோடும் பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணும் வெளியே போனால் அதை வைத்து உங்கள் பயணப் பதிவைத் திறக்க முடியும். குழந்தையின் சீருடைச் சின்னம், வீட்டுச் சாவியோடு அறை எண் தெரியும் ஓட்டல் மேசை, இவற்றையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள். முதுமலையிலோ ஆனைமலையிலோ அரிய விலங்கைப் பார்த்தால் இடம் சொல்லும் புதிராக அதை ஆக்க வேண்டாம். வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியது போலாகும். குழுவில் தெரியாத எண்கள் இருந்தால், ஊர் திரும்பி வீட்டுக் கதவைத் திறந்தபின் புதிரைப் போடுங்கள்.